பாடசாலையிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

கல்வியே எமது மூலதனம் என்று நாம் பேசாத மேடை இல்லை. வீடும் வளவும் போன பின்னரும் சான்றிதழ்க் கோவையை மட்டும் பத்திரமாக எடுத்து வந்த குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். அந்நிய மண்ணில் இரண்டு வேலை செய்து உழைக்கும் பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் ரியூசன் வகுப்புகளுக்குப் போகிறது. ஆயினும், பெற்றார் கூட்டம் என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் எம்மில் எத்தனை பேர் போகிறோம்? போகிறவர்கள்தாம் என்ன கேட்கிறோம்? "பிள்ளைக்கு எத்தனை புள்ளி?" என்பதே எமது முதற் கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும்.

இதனைப் பிறருக்கு உபதேசமாக நாம் எழுதவில்லை. நாம் இங்கு வந்த புதிதில், எமது பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடாத ஒரு பிரிவில் சேர்ப்பதற்கான படிவம் பாடசாலையிலிருந்து வந்தது. அந்தப் படிவத்தை எமக்கு வாசித்துப் பொருள் சொன்னவனும் அந்தப் பிள்ளைதான். ஆசிரியர் அனுப்பியது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக் கையொப்பமிட்டோம். பிள்ளைக்குப் போதாமலிருந்தது ஆங்கிலம் மட்டுமே என்பதும், அறிவில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்பதும் விளங்க இரண்டு ஆண்டுகள் சென்றன. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்கலாம் என்பதே அன்று எமக்குத் தெரியாது.

பாடசாலையைப் பார்த்துக் கேள்வி கேட்ட பெற்றாரின் வரலாறு ஒன்று உண்டு. அது நீதிமன்ற ஏடுகளிலும் சட்டப் புத்தகங்களிலும் விரிவாகப் பதிவாகியுள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அந்நாட்டுப் பாடசாலைகளை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றின் குறைகளும் அந்த ஏடுகளிலேயே உள்ளன. அகதிகளாகவும் குடியேறியவர்களாகவும் வாழும் எமக்கு அவ்வரலாற்றிலிருந்து கற்பதற்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது என்பதே எமது கருத்து.

பொதுப் பாடசாலையின் பிறப்பு

மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1647ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் எழுத வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும். நூறு குடும்பங்கள் வாழும் ஊர் இலக்கணப் பாடசாலை ஒன்றை அமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். வேதநூலை வாசிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனவே பாடசாலை எதற்கு என்ற கேள்விக்கு அன்றைய விடை சமயம்.

அதே மாநிலத்தில் 1837இல் கல்விச் சபையின் செயலாளராகப் பொறுப்பேற்ற ஹொறேஸ் மான் வேறொரு விடையைச் சொன்னார். செல்வந்தரின் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ், பொது வரிப்பணத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்க வேண்டும்; வாக்குரிமை பெற்ற மக்கள் கல்லாதிருந்தால் குடியரசு நிலைக்காது என்பது அவர் வாதம். பன்னிரண்டு ஆண்டறிக்கைகளில் இதனை விடாது எழுதினார். 1839இல் லெக்சிங்ரன் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. 1852இல் நாட்டின் முதலாவது கட்டாயக் கல்விச் சட்டத்தை மசாசூசெற்ஸ் இயற்றியது. கடைசியாக அத்தகைய சட்டத்தை இயற்றிய மிசிசிப்பி மாநிலம் 1918 வரை தாமதித்தது.

அக்காலத்து அமெரிக்கர் எமக்கு அந்நியரல்லர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். மான் பதவியேற்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வட்டுக்கோட்டையில் எம்மவர் கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் கற்றனர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஆனால் 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர் சமயப் பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பது தலைமைப்பீடத்தின் குறை. நடத்தியவர்கள் ஒன்றை எண்ணினர்; படித்தவர்கள் வேறொன்றை எண்ணினர். பாடசாலை எதற்கு என்ற விவாதம் அன்றே எமது ஊருக்கும் வந்துவிட்டது.

மானின் பொதுப் பாடசாலையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 1840களின் பிற்பகுதியில், பொஸ்ரன் நகரில் சேரா ரொபேட்ஸ் என்ற ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகளுக்கான ஐந்து பாடசாலைகளைக் கடந்து தனக்கென ஒதுக்கப்பட்ட பாடசாலைக்கு நடக்க வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் செய்த அவளின் தந்தை வழக்குத் தொடுத்தார். தோற்றார். ஆனால் அத்தோடு அவரும் அவரைச் சார்ந்தோரும் ஓய்ந்துவிடவில்லை. 1855இல் மசாசூசெற்ஸ் சட்டசபை பாடசாலைகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்தது.

ஒரே ஆண்டில் இரு நூல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அமெரிக்கா வந்திறங்கினர். அவர்களின் பிள்ளைகளால் நகரப் பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. இத்தனை பிள்ளைகளை என்ன செய்வது? இக்கேள்விக்கு 1916இல் வெளிவந்த இரு நூல்கள் இரு வேறு விடைகளைத் தந்தன.

ஒன்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்வூட் கபர்லி எழுதிய பாடசாலை நிர்வாக நூல். அவர் பாடசாலையைத் தொழிற்சாலைக்கு ஒப்பிட்டார். பிள்ளைகள் மூலப்பொருள், சமுதாயத்தின் தேவைக்கேற்ப அவர்களை வார்த்தெடுப்பதே பாடசாலையின் வேலை. மற்றையது ஜோன் டூயி எழுதிய "ஜனநாயகமும் கல்வியும்". ஜனநாயகம் என்பது தேர்தல் நாளோடு முடிவதன்று, அது மனிதர் சேர்ந்து வாழும் முறை. அம்முறையைப் பிள்ளை பாடசாலையிலேயே வாழ்ந்து பழக வேண்டும் என்பது அந்நூலின் சாரம்.

டூயி வெறும் ஏட்டுத் தத்துவவாதி அல்லர். 1896இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனைப் பாடசாலையைத் தொடங்கியவர். அதற்குத் தளபாடம் வாங்கச் சென்ற கதையை அவரே எழுதியுள்ளார். பிள்ளைகள் இருந்து வேலை செய்யத்தக்க மேசைகளைக் கடை கடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒருவரே காரணத்தைக் கண்டு சொன்னார்: கடையில் இருப்பவை யாவும் பிள்ளைகள் இருந்து கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்து வாங்கு மேசைகளில் வாய் பொத்தி இருந்து படித்த எமக்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெயரளவில் டூயி புகழ் பெற்றார். நடைமுறையில் கபர்லியின் தொழிற்சாலையே வென்றது என்பது எமது கணிப்பு. பொருட்களைத் தரம் பிரிக்கத் தொழிற்சாலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரருக்கு நுண்மதிப் பரீட்சை நடத்தப்பட்டது. அதன் ஒரு பகுதி அமெரிக்க மோட்டார் வாகனங்களையும் விளையாட்டு வீரர்களையும் விற்பனைப் பொருட்களையும் பற்றிய வினாக்களைக் கொண்டிருந்தது. கப்பலிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆன இத்தாலியனுக்கும் போலந்துக்காரனுக்கும் இவை எப்படித் தெரியும்? ஆயினும் அப்புள்ளிகளைக் கொண்டு, கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் பிறவியிலேயே மந்தமானவர்கள் என்று கார்ல் பிறிகம் என்ற உளவியலாளர் 1923இல் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே அவ்வினத்தவரின் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குடிவரவுச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சையை 1926இல் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அதே பிறிகம்தான். 1930இல் அவர் தமது முடிவுகள் பிழையானவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் மூடிய துறைமுகங்கள் அதனால் திறக்கப்படவில்லை.

புள்ளி என்பது நடுநிலையான ஒன்று, அது பொய் சொல்லாது என்று நம்புவோர் இந்த வரலாற்றைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1970களின் முற்பகுதியில் தரப்படுத்தல் வந்தபோது, ஒரே பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு வேறு வேறு வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டதை எமது தலைமுறை கண்டிருக்கிறது. புள்ளியை எழுதுபவர் ஒருவர். அதற்கு விலை வைப்பவர் இன்னொருவர்.

கதவைத் தட்டியவர்கள்

அமெரிக்கப் பாடசாலையின் கதவுகளைத் திறந்தவர்கள் யார்? கல்விமான்களும் அமைச்சர்களும் ஓரளவு. ஆனால் அவர்களுக்கு முன்னே போனவர்கள் பெயர் தெரியாத பெற்றார்.

தென் கரோலினா மாநிலத்தின் கிளாறண்டன் பகுதியில் வெள்ளைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்ல பஸ் வண்டிகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றேனும் இல்லை. 1947இல் அப்பெற்றார் கேட்டது ஒரேயொரு பஸ். மறுக்கப்பட்டது. பின்னர் சமமான பாடசாலை கேட்டு மனுவில் கையொப்பமிட்டனர். முதற் கையொப்பமிட்டோரில் ஒருவரான ஹரி பிறிக்ஸ் பெற்றோல் நிலைய வேலையை இழந்தார்; மனைவியும் தமது வேலையை இழந்தார். வழிநடத்திய போதகர் டிலெயினின் வீடு எரிந்தது. இறுதியில் அவர் மாநிலத்தைவிட்டே தப்பியோட நேர்ந்தது. அந்த ஊரின் வழக்கு வேறு ஊர்களின் வழக்குகளோடு சேர்ந்தே, 1954 மே 17இல் பிறவுண் வழக்கின் தீர்ப்பாகியது. இனத்தால் பிரிக்கப்பட்ட பாடசாலைகள் ஒருபோதும் சமமாகா என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகக் கூறினர். எதிர்ப்பும் இலேசாக இருக்கவில்லை. வேர்ஜீனியாவின் பிறின்ஸ் எட்வேட் பகுதி, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பாடசாலைகளையே மூடிவிடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை அவற்றை மூடிவைத்தது.

சட்டம் திறந்த கதவைப் பணம் மூடிவிடும் என்பதையும் அந்நாடு காட்டியது. ரெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரில் எட்ஜ்வூட், அலமோ ஹைற்ஸ் என இரு கல்வி வட்டாரங்கள். எட்ஜ்வூட் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் வாழும் ஏழைப் பகுதி. மற்றையது செல்வந்தர் பகுதி. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வூட் மக்கள் சொத்து மதிப்பின் ஒவ்வொரு நூறு டொலருக்கும் 1.05 டொலர் வரி செலுத்தினர். செல்வந்தர் செலுத்தியது 85 சதம். கூடிய வீதத்தில் வரி கட்டியும் எட்ஜ்வூட் தன் பிள்ளை ஒருவருக்குத் திரட்டியது 26 டொலர். குறைந்த வீதத்தில் அலமோ ஹைற்ஸ் திரட்டியது 333 டொலர். வீட்டு விலை அப்படி. டெமெற்றியோ றொட்றிகஸ் என்ற தகரத் தொழிலாளியும் ஏனைய பெற்றாரும் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிராகரித்தது. அவர்களின் ஊர் விடவில்லை. மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. 1989இல் ரெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த நிதிமுறை மாநில யாப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

எமக்கு மிக நெருக்கமானவை இன்னும் இரு வழக்குகள். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீனப் பிள்ளைகள் மேலதிக மொழி உதவி எதுவுமின்றி வகுப்பறைகளில் இருத்தப்பட்டனர். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துள்ளோமே, வேறென்ன சமத்துவம் என்று நிர்வாகம் கேட்டது. விளங்காத மொழியில் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவமாகாது என்று 1974இல் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது.

மற்றையது ரெக்சாஸின் ரைலர் நகரத்து வழக்கு. வதிவிட அனுமதியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆயிரம் டொலர் கட்டினாலன்றிப் படிக்க இயலாது என்று அங்குள்ள பாடசாலை நிர்வாகம் விதித்தது. 1977இல் நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. பொதுமக்களின் கவனத்தைத் தவிர்க்க அதிகாலையில் விசாரணை வைக்கப்பட்டது. நீதிமன்றத்திலேயே பிடித்து நாடுகடத்தப்படலாம் என்று அஞ்சிய அக்குடும்பங்கள் தமது உடைமைகளைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்தன. 1982இல் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கலாகாது என்றது. ஐந்துக்கு நான்கு, ஒரேயொரு வாக்கு வித்தியாசம்.

பெட்டி படுக்கையைக் காரில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றம் போவதென்றால் என்ன என்பது எமது வாசகர்களுக்குத் தெரியும். அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போன நாளை நாம் எவரும் மறக்கவில்லை. எமக்கு இன்றுள்ள பாதுகாப்பில் ஒரு துளியும் இல்லாதவர்கள் கேட்ட கேள்வி அது.

சீர்திருத்தம் என்ற பெயரில்

இனி அண்மைய காலத்துக்கு வருவோம். 1983இல் "ஆபத்தில் ஒரு தேசம்" என்ற அரசாங்க அறிக்கை வெளியாகியது. ஏனைய நாடுகள் அமெரிக்காவைப் பொருளாதாரத்தில் முந்துவதற்குப் பாடசாலைகளின் தாழ்ந்த தரமே காரணம் என்ற அச்சம் அதன்பின் பரவியது. 1990இல் மில்வோக்கி நகரில் தனியார் பாடசாலைக்கான அரச உதவிச் சீட்டுத் திட்டமும், 1991இல் மினசோற்றாவில் சுயாதீன நிர்வாகமுள்ள "சாட்டர்" பாடசாலைச் சட்டமும் வந்தன. 2002 ஜனவரியில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், "எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது" என்ற பெயர் கொண்ட சட்டத்தில் கையொப்பமிட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும். தவறும் பாடசாலைகளுக்குத் தண்டனை.

அச்சட்டத்தின் நன்மையை மறைப்பது நேர்மையன்று. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எனத் தனித்தனியே பெறுபேறுகளை வெளியிடுமாறு அது கட்டாயப்படுத்தியது. மொத்தச் சராசரிக்குள் மறைந்திருந்த பிள்ளைகள் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தனர். ஆனால் அளப்பதே கற்பித்தலாக மாறிய இடங்களில் நடந்தது வேறு. அற்லாண்டா நகரில் 44 பாடசாலைகளில் 178 ஆசிரியர்களும் அதிபர்களும் மாணவரின் விடைத்தாள் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011இல் மாநில விசாரணை கண்டது. 2015இல் பதினொரு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அதே ஆண்டு டிசெம்பரில் பழைய சட்டம் நீக்கப்பட்டு, மாநிலங்களுக்குக் கூடிய அதிகாரம் தரும் வேறொரு சட்டம் வந்தது. ஒரு காலத்தில் இச்சீர்திருத்தங்களை ஆதரித்த கல்வி வரலாற்றாசிரியர் டயான் றவிச், 2010இல் தமது கருத்தை மாற்றிக்கொண்டு ஒரு நூலே எழுதினார். 2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் மத்திய கல்வித் திணைக்களத்தை மூடுவதற்கான நடவடிக்கைகளை எடுக்குமாறு ஆணை பிறப்பித்தார். 1979இன் சட்டத்தால் உருவான அத்திணைக்களத்தை முற்றாக ஒழிக்கக் காங்கிரஸின் சட்டம் வேண்டும். ஆக, விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

நாம் கேட்க வேண்டியவை

இவற்றை எல்லாம் நாம் இங்கு எடுத்துரைப்பதன் நோக்கம் ஒன்றே. மேலிருந்து வந்த சீர்திருத்தங்கள் பிள்ளையை அளந்தன. சில வேளை உதவின, சில வேளை தவறாக அளந்தன. கதவைத் திறந்தது பெற்றாரின் கேள்வி. தோற்ற கேள்விகள்கூட அடுத்தவர் கேட்பதற்கு வழி சமைத்தன.

நாம் ஏன் கேட்பதில்லை? பயமும் மொழியும் மட்டும் காரணமல்ல. கன்னங்கரா காலத்தில் கிடைத்த இலவசக் கல்வி எமக்குப் பெரும் பேறு. அதனோடு ஒரு பழக்கமும் வந்தது. பாடத்திட்டமும் பரீட்சையும் கொழும்பில் தீர்மானமாகும், பிள்ளை எழுதும், பெற்றார் பெறுபேற்றுக்குக் காத்திருப்பர். அமெரிக்காவிலோ 13,000க்கும் மேற்பட்ட கல்வி வட்டாரங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் சபைகளை ஊர் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். நாம் வாழும் நாடுகள் பலவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் பெற்றாருக்கு அங்கே ஓர் ஆசனம் உண்டு. அந்த ஆசனத்தில் எம்மவரைக் காண்பது அரிது.

புள்ளி தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. கையில் வேறு செல்வமில்லாத பிள்ளைக்குப் புள்ளி ஒரு ஆயுதம். டூயியின் பாடசாலையில் படித்தவர்களிற் பலர் பேராசிரியர்களின் பிள்ளைகள். வீட்டில் புத்தகம் நிறைந்த பிள்ளைகளுக்குப் பரீட்சையைப் பற்றிக் கவலையில்லாதிருக்கலாம், எமக்கு அது இயலாது. ஆனால் புள்ளியோடு நின்றுவிட்டால், எமது பிள்ளையைக் கபர்லியின் தொழிற்சாலையில் நாமே கொண்டுபோய் ஒப்படைக்கிறோம்.

பிள்ளையை இந்தப் பிரிவில் வைத்தது யார், எதை வைத்துத் தீர்மானித்தார், அதனை மாற்ற வழி என்ன என்று கேட்போம். மொழி உதவி எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கேட்போம். வகுப்பில் பிள்ளை வாய் திறந்து பேசுகிறதா, கேள்வி கேட்கிறதா என்று கேட்போம். எமது ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்போம். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி அதன் முன்னால் நாம் குறுகி நிற்க வேண்டியதில்லை. எமது தமிழ் வகுப்புகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜேர்மன் மொழி கற்பித்ததற்காக நெப்றாஸ்காவில் 25 டொலர் தண்டம் விதிக்கப்பட்ட ரொபேட் மேயர் என்ற ஆசிரியர், 1923இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். சனிக்கிழமை காலையில் நித்திரைத் தூக்கத்தோடு தமிழ் வகுப்புக்குப் போகும் எமது பிள்ளைகள் அனுபவிப்பது, ஒரு காலத்தில் யாரோ வழக்காடிப் பெற்ற உரிமையைப் போன்றதொன்று.

முன்னர் சொன்ன படிவத்தின் பிரதி இன்னமும் எம்மிடம் இருக்கிறது. அதன் அடியில் பெற்றாரின் கருத்து என்று நான்கு வரிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். நாம் அதனை வெறுமையாகவே அனுப்பியிருந்தோம். அடுத்த கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும்போது அந்த நான்கு வரிகளையும் நிரப்பி அனுப்புங்கள்.